வலிக்கும் இடத்தைப் பார்த்துக் கார்டியோவை மாற்றுங்கள்: சிலம்பம், கராத்தே ஆடுபவர்களுக்கு

மதுரையில் சாயங்காலம் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். சின்ன வயதில் கம்பு, கல்லூரிக் காலத்தில் கராத்தே, இப்போது மறுபடியும் கம்பு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதிலிருந்து, போட்டியை மனத்தில் வைத்துக் கூடத்துக்கு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். கூடவே வலிகளும் வந்திருக்கின்றன. கேட்டுப் பார்த்தால் அந்த வலி கம்பு சுற்றியதில் வந்ததாக இருக்காது. "ஸ்டாமினா ஏத்தணும் மாஸ்டர்" என்று விடியற்காலையில் தார் ரோட்டில் ஓடியதில் வந்ததாக இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. ஓடும்போது நிமிடத்துக்கு 160 அடி என்று வைத்தாலும் அரை மணி நேரத்தில் 4,800 தடவை கால் தரையில் விழுகிறது. ஒவ்வொரு தடவையும் உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு விசை காலில் ஏறும். 60 கிலோ ஆளுக்கு அது 120 முதல் 180 கிலோ. ஓட்டம் மட்டுமே பயிற்சி என்றால் எலும்பு மெல்லமெல்ல அதற்குப் பழகிவிடும். நமக்கு அப்படியில்லை. முந்தின நாள் சாயங்காலம் சுவடு (கம்புக்கான கால்வைப்பு) வைத்து, உட்கார்ந்து எழுந்து, குதித்துச் சுழன்று களைத்த அதே காலின் மேல்தான் காலையில் இந்த 4,800ஐயும் சுமத்துகிறோம்.

நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் வேண்டிய வேலையை, அதாவது கார்டியோவை, காலில் அதிர்வு ஏறாமல் கொடுக்க முடியும். சைக்கிள், நீச்சல், தண்ணீருக்குள் நடப்பது, மேட்டில் ஏறுவது, ஜிம்மில் நின்றபடி மிதிக்கிற கிராஸ் ட்ரெய்னர் எல்லாம் "லோ இம்பாக்ட்" என்று சொல்லப்படுகிற இந்த வகைதான். இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் எனக்குப் பதில் கிடையாது. எங்கே வலிக்கிறது, ஆட்டத்தில் எப்போது தளர்கிறீர்கள் என்று சொன்னால் பதில் உண்டு. உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

எல்லோரும் முதலில் பார்க்க வேண்டியவை

படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? எலும்பில் ஒரு விரல்நுனி படுகிற இடத்தில் மட்டும் சுள்ளென்று குத்துகிறதா? மூட்டு வீங்கியிருக்கிறதா, மடக்கினால் பூட்டிக்கொள்கிறதா, நடக்கும்போது திடீரென்று நழுவுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை மாற்றிப் பார்க்கிற வேலை வேண்டாம். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். பயிற்சியின்போது நெஞ்சு இறுகினாலோ, கண் இருட்டினாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். 40 வயதைத் தாண்டி இப்போதுதான் தொடங்குகிறவர்களும், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களும் ஒரு பரிசோதனை முடித்துவிட்டு வருவது நல்லது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எடைப் பிரிவுக்காகச் சாப்பாட்டைக் குறைத்து, பயிற்சியைக் கூட்டி, அதனால் மாதவிடாய் தள்ளிப்போகிறது அல்லது நின்றுவிடுகிறது என்றால், அது எலும்பு பலவீனமாகப் போகிறது என்பதற்கான அடையாளம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்கென்றே ஒரு அறிக்கை வெளியிட்டு, விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை என்று பெயரும் கொடுத்தது. அந்த நிலையில் காலில் எலும்பு வலி வந்தால் கார்டியோவை மாற்றி மட்டும் பயனில்லை. சாப்பாடும் மருத்துவரும் முதலில். வெட்கப்பட்டு இதை மறைக்கிற பிள்ளைகள் உண்டு. சொல்லிக்கொடுக்கிறவர்கள்தான் அம்மாவிடம் பேச வேண்டும்.

அடுத்தது தரை. கம்பு மண்தரையில் வளர்ந்த கலை. இன்றைக்கு நிறைய வகுப்புகள் மொட்டை மாடியிலும், டைல்ஸ் போட்ட மண்டபத்திலும் வெறுங்காலோடு நடக்கின்றன. குதிக்கிற பாடங்களையாவது மண்ணுக்கோ ரப்பர் பாய்க்கோ மாற்றுங்கள். அதை மாற்றாமல் காலைப் பயிற்சியை மட்டும் மாற்றினால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்பீர்கள்.

கடைசியாக ஒரு அளவுகோல். வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். பயிற்சியின்போது 3க்கு மேல் போகக் கூடாது. மறுநாள் காலை எழுந்து வைக்கிற முதல் பத்து அடியில், நேற்றைவிட வலி கூடியிருக்கக் கூடாது. கீழே சொல்லும் எதைச் செய்தாலும் இந்த இரண்டையும் வைத்துத்தான் தொடர்வதா, விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

அறிகுறி 1: முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உள்ளோரம் வலிக்கிறது

மைதானத்துப் பிள்ளைகள் "ஷின் பெயின்" என்பார்கள். ஓடத் தொடங்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் குறையும், குளித்துவிட்டு உட்கார்ந்ததும் மறுபடி வரும். கட்டைவிரலால் அந்த எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலு விரல் அகலத்துக்கு மேல் பரவலாக வலித்தால், எலும்பும் அதை மூடிய உறையும் அதிர்வு தாங்காமல் நொந்திருக்கின்றன. ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குள் ஒரே இடத்தில் உயிர்போகிற மாதிரி வலித்தால் அது மயிரிழை விரிசலாக இருக்கலாம். மேலே சொன்ன மருத்துவர் பக்கம் திரும்புங்கள்.

பரவலான வலிதான் என்றால் ஓட்டத்தையும் ஸ்கிப்பிங்கையும் அன்றைக்கே நிறுத்துங்கள். "பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன்" என்ற பேரம் வேண்டாம். கராத்தே பெல்ட் தேர்வுக்கு முன் தார் ரோட்டில் ஓடி இதே வலியை நானும் வாங்கினேன். தூரத்தைப் பாதியாக்கிக்கொண்டு மூன்று மாதம் இழுத்தடித்தேன். முழுதாக விட்ட பிறகு ஆறு வாரத்தில் வலி போனது. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

இந்த வலிக்கு நான் முதலில் சொல்வது தண்ணீர். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் காலில் ஏறும் எடை ஏறக்குறைய பாதியாகிறது. மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு, கழுத்தளவில் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே மார்பளவு ஆழத்தில் நிமிர்ந்து நின்று, முழங்காலைத் தூக்கி, தண்ணீரைக் கையால் தள்ளிக்கொண்டு வேகமாக நடங்கள். 2 நிமிடம் வேகம், 1 நிமிடம் மெது. இப்படி ஏழு சுற்று முடித்தால் 21 நிமிடம். தண்ணீர் எல்லாப் பக்கமும் தடுப்பதால், கரையில் நின்று பார்க்கிறவருக்குச் சுலபமாகத் தெரிகிற இந்த நடை நன்றாகவே மூச்சு வாங்க வைக்கும். மதுரை ரேஸ்கோர்ஸ் விளையாட்டரங்கிலும், சென்னையில் வேளச்சேரியிலும் மெரினாவிலும் பொதுக் குளங்கள் இருக்கின்றன. நடப்பதற்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆழம் குறைந்த பக்கத்தில் நின்றால் போதும்.

கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கிணறு உண்டு, ஆனால் அதில் ஆழம் குறைந்த பக்கம் என்று ஒன்று கிடையாது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் மட்டும், லாரி டியூபை அக்குளுக்கடியில் மாட்டிக்கொண்டு, தரை தொடாமல் ஓடுவது போலக் காலை அசைக்கலாம். அடிபட்ட ஓட்டக்காரர்கள் ஓட்டத்தை மறக்காமல் இருக்கச் செய்கிற பயிற்சி இது. தனியாக இறங்கவே கூடாது. மேலே ஒருவர் கண் எடுக்காமல் நிற்க வேண்டும்.

தண்ணீருக்கு வழியில்லை என்றால் சைக்கிள் அல்லது கிராஸ் ட்ரெய்னர். கிராஸ் ட்ரெய்னரில் பாதம் மிதியை விட்டுப் பிரிவதே இல்லை, அதனால் விழுகிற அடி என்பதே கிடையாது. கால்விரல்கள் மரத்துப்போனால் குதிகாலையும் மிதியில் பதித்து வையுங்கள், சரியாகிவிடும்.

இந்த வாரங்களில் கம்பை ஓரமாக வைத்துவிடாதீர்கள். நின்ற இடத்தில் வீச்சு, கைப்பாடம், குதிக்காமல் மெதுவாகச் சுவடு எல்லாம் செய்யலாம். விரலால் அழுத்தினாலும் வலிக்காத நிலை இரண்டு வாரம் தொடர்ந்து, அரை மணி வேக நடையும், ஒற்றைக் காலில் 10 குதியும் வலியில்லாமல் முடிந்தால், மண் மைதானத்தில் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கலாம். ஓட்டம் பிடிக்கும் என்றால் மட்டும். பிடிக்காதவர்கள் திரும்பிப் போகவே வேண்டாம், ஆட்டத்துக்கு எந்தக் குறையும் வராது.

அறிகுறி 2: முட்டியின் முன்பக்கம், சிப்பியைச் சுற்றி வலிக்கிறது

படி ஏறும்போது கொஞ்சம், இறங்கும்போது நிறைய. பஸ்ஸில் வெகுநேரம் மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்தால் பிடிக்கும். பஸ்கி போடும்போது அடியில் குத்தும். சிலம்பத்தில் தாழ்ந்து உட்கார்ந்து வீசுகிற பாடங்களும், கராத்தேயில் தாழ்ந்த நிலைகளும் ஏற்கெனவே முட்டிச்சிப்பியைத் தொடை எலும்போடு அழுத்துகின்றன. ஆகவே கூடுதல் பயிற்சியில் ஆழமாக மடக்குவதும், அதிர்ந்து இறங்குவதும் இருக்கக் கூடாது.

முதல் தேர்வு சைக்கிள். உடல் எடையைச் சீட்டு தாங்கிக்கொள்கிறது, முட்டி ஒரே தடத்தில் மடங்கி நிமிர்கிறது. புதுச் சைக்கிள் வாங்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் 11ஆம் வகுப்பில் கொடுத்த விலையில்லா சைக்கிள் வீட்டில் நின்றால் அதுவே போதும்.

இரண்டாவது தேர்வு மேடு. அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறுகிற பாதை போல ஒன்று பக்கத்தில் இருந்தால், ஏறும்போது நடந்து, இறங்கும்போது வண்டியில் வாருங்கள். ஏற்றத்தில் அதிர்வு குறைவு, நாடி சீக்கிரம் ஏறும். இறக்கத்தில்தான் தொடைத் தசை பிரேக் போட்டு முட்டியை அழுத்துகிறது. ஜிம் என்றால் டிரெட்மில்லை 8 சதவீதம் சாய்த்து, கைப்பிடியைப் பிடிக்காமல், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடங்கள். பிடித்துக்கொண்டு நடந்தால் சாய்வு கொடுத்த வேலையைக் கை தின்றுவிடும்.

நீச்சல் என்றால் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் வேண்டாம். தவளை மாதிரி காலை அகட்டி உதைப்பது முட்டியின் உள்பக்கத்தை இழுக்கும். ஃப்ரீ ஸ்டைல் உதை நேராக இருப்பதால் பரவாயில்லை.

"சைக்கிளுக்கு மாறினேன், வலி கூடிவிட்டது"

இதை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறேன், பெரும்பாலும் குற்றவாளி சீட்டுதான். சிக்னலில் கால் முழுதாகத் தரையில் ஊன்ற வேண்டும் என்பதற்காக நம் ஊரில் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருப்பார்கள். அப்படி மிதித்தால் ஒவ்வொரு சுற்றிலும் முட்டி நெஞ்சு வரை மடங்கி, அழுத்தத்தோடு நிமிர்கிறது. பஸ்கி போட்டால் வலிக்கிறது என்று சைக்கிளுக்கு வந்தவர் சைக்கிளில் ஆயிரம் பஸ்கி போடுகிறார்.

சரிசெய்ய ஒரு ஸ்பேனர் போதும். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் நேராக உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் முழுதாக நீண்டிருக்க வேண்டும். இனி பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முட்டியில் 25 முதல் 35 டிகிரி வரை லேசான மடிப்பு மிஞ்சும். அதுதான் உயரம். ஒரேயடியாக ஏற்றாமல் ஒவ்வொரு நாளும் அரை சென்டிமீட்டராக ஏற்றினால் உடம்பு பழகும். சிக்னலில் நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகுங்கள்.

ஏற்றிய பிறகு வலி இடம் மாறி முட்டியின் பின்பக்கம் வந்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினாலோ, உயரம் அதிகமாகிவிட்டது. கொஞ்சம் இறக்குங்கள்.

சீட்டு சரியாக இருந்தும் வலித்தால் மிதிக்கிற வேகத்தைப் பாருங்கள். வலது முட்டி மேலே வருவதை 15 விநாடிக்கு எண்ணுங்கள். 20 முதல் 22 வந்தால் நிமிடத்துக்கு 80 முதல் 88 சுற்று, நல்லது. 12, 13தான் வருகிறது என்றால் கனமான கியரில் திணறுகிறீர்கள். கியரை இலகுவாக்குங்கள். கியர் இல்லாத சைக்கிள் என்றால் மேம்பாலத்தைத் தவிர்த்துச் சமதளத்தில் போங்கள். வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி விடியற்காலையில், கூட்டம் சேருமுன் போவது எனக்குப் பிடித்த வழி.

அறிகுறி 3: தோள்பட்டை பிடிக்கிறது, கம்பை மேலே தூக்கினால் குத்துகிறது

இதற்கு எல்லோரும் நீச்சலைச் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். ஃப்ரீ ஸ்டைலில் கை தலைக்கு மேல் போய்ச் சுழல்கிறது. தலைக்கு மேல் வீச்சிலும் இரட்டைக் கம்பிலும் சுழல்கிற அதே மூட்டு, அதே கோணம். ஒரு மணி நேரம் கம்பு சுற்றி நொந்த தசைநாணுக்குத் தண்ணீரில் இன்னும் ஆயிரம் சுற்று கொடுப்பது ஓய்வாகாது. கையை நீட்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டு உதைப்பதும் தோளை மேலே தூக்கியே வைத்திருக்கும் என்பதால் அதுவும் உதவாது.

தோள் சரியாகும் வரை கால் பக்கம் வாருங்கள்: சைக்கிள், மேட்டு நடை, கைப்பிடியை அசைக்காத கிராஸ் ட்ரெய்னர். குளம்தான் வேண்டும் என்றால் மார்பளவுத் தண்ணீரில் நடக்கலாம், கையை இடுப்புக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் கைப்பிடியின் மேல் சாய்ந்து எடையைத் தோளில் போடாதீர்கள்.

அறிகுறி 4: தினமும் கார்டியோ செய்கிறேன், ஆட்டத்தில் இரண்டாவது நிமிடமே மூச்சு முட்டுகிறது

வலியைவிட அதிகமாக மனத்தை உடைக்கிற அறிகுறி இதுதான். உழைப்பைக் குறை சொல்ல முடியாது, ஆனாலும் களத்தில் கால் தள்ளாடுகிறது.

அவர்களோடு ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் காரணம் தெரியும். தினமும் ஒரே நேரம், ஒரே வேகம். மெதுவுமில்லை, கடுமையுமில்லை, நடுவில் ஒரு சலிப்பான வேகம். அடித்தளம் போட அது வேகம் கூடுதல். சண்டைக்குத் தயாராக்க அது வேகம் போதாது. பெரியவர்களுக்கான கராத்தே குமிடே (நேருக்கு நேர் மோதும் போட்டி) 3 நிமிடம். டேக்வாண்டோ 2 நிமிடச் சுற்றுகள், நடுவில் 1 நிமிட ஓய்வு. அதற்குள் பத்துப் பதினைந்து தடவை வெடித்துப் பாய்ந்து, நடுநடுவே மூச்சை மீட்டெடுக்க வேண்டும். வெடிப்பதற்குத் தனிப் பயிற்சி, மீள்வதற்குத் தனிப் பயிற்சி.

வேகத்தை அளக்கக் கைக்கடிகாரம் வேண்டாம், ஒரு குறள் போதும். சைக்கிள் மிதித்துக்கொண்டே உங்களுக்கு மனப்பாடமான ஒரு குறளைச் சொல்லுங்கள். ஏழு சீரையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் அது அடித்தள வேகம். முதல் அடியின் நாலு சீர் முடிந்ததும் மூச்சு இழுக்க வேண்டியிருந்தால், நான் சொன்ன அந்த நடு வேகம். ஒரு சீருக்கு மேல் வராவிட்டால் கடும் வேகம். நாடி பார்க்க விரும்புகிறவர்கள் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். 20 வயதுக்காரருக்கு 220லிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடி 200 என்று வரும். அதில் 60 முதல் 70 சதவீதம் 120 முதல் 140. அதாவது 15 விநாடிக்கு 30 முதல் 35 துடிப்பு. இந்தச் சூத்திரம் ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் தவறும், அதனால் குறளும் நாடியும் முரண்பட்டால் குறளை நம்புங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் அடித்தள வேகத்தில் 30 முதல் 40 நிமிடம். ஒரே ஒரு நாள் கடும் வேகம்: 10 நிமிடம் சூடேற்றி, 30 விநாடி முழு மூச்சாக மிதித்து, 90 விநாடி மெதுவாக. முதல் வாரம் 6 தடவை, மாதக் கடைசியில் 10. போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது இதை உங்கள் சுற்றின் நீளத்துக்கு மாற்றுங்கள். குமிடே ஆடுகிறவர் 3 நிமிடம் கடுமை, 3 நிமிடம் மெது, நாலு தடவை. டேக்வாண்டோ என்றால் 2 நிமிடம், 1 நிமிட ஓய்வு, மூன்று சுற்று.

ஜிம்முக்குப் போகிறவர்கள் தபாட்டா என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள்: 20 விநாடி கடுமை, 10 விநாடி ஓய்வு, எட்டுத் தடவை. அதைப் பர்ப்பீயாகவும் குதியாகவும் செய்து முட்டியைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டா 1996இல் வெளியிட்ட ஆய்வில் யாரும் குதிக்கவில்லை. நிலையான சைக்கிளில் உட்கார்ந்து நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தார்கள். ஆறு வாரத்தில் அவர்களுடைய மூச்சுத்திறனும் ஏறியது, வெடிக்கும் திறனும் ஏறியது. நாமும் சைக்கிளிலேயே செய்யலாம். மூன்று மாத அடித்தளம் போட்டவர்கள் மட்டும், வாரம் ஒருமுறை, மேலே சொன்ன கடும் நாளுக்குப் பதிலாக.

இவ்வளவும் செய்து எட்டு வாரம் கழித்தும் இரண்டாவது நிமிடத்தில் முட்டினால், ஆடும்போது உங்களைக் கவனிக்கச் சொல்லி யாரையாவது நிறுத்துங்கள். பதற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறவர்கள் நிறைய. அடிக்கும்போது மூச்சை வெளியே விடுகிற பழக்கம் வந்தால் அதுவே ஒரு நிமிடத்தைக் கூட்டித் தரும். எப்போதும் சோர்வு, முகம் வெளிறியிருக்கிறது என்றால் ரத்தச்சோகைப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

அறிகுறி 5: மூச்சு நன்றாக இருக்கிறது, ஆனால் உதை கனத்துவிட்டது

சைக்கிளில் ருசி கண்டு தினமும் ஒரு மணி நேரம் போகிறவர்களுக்கு வருவது. 1980இல் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 10 வாரம் நடத்திய சோதனையில், வலுப் பயிற்சி மட்டும் செய்தவர்களின் கால் பலம் கடைசி வரை ஏறியது. வலுப் பயிற்சியோடு கடும் சைக்கிளையும் ஓட்டத்தையும் வாரத்தில் 6 நாள் சேர்த்துச் செய்தவர்களின் பலம் ஏழாவது வாரம் வரை ஏறி, நின்று, கடைசி இரண்டு வாரத்தில் இறங்கியது. சேர்த்துச் செய்வதே கெடுதல் என்று இதற்கு அர்த்தமில்லை. அளவு மீறினால் வேகமும் பலமும் போகும்.

முதலில் அளவைக் குறைத்து வாரத்துக்கு மூன்று நாள் ஆக்குங்கள். அப்புறம் வரிசை: ஒரே நேரத்தில் செய்வதானால் உதையும் வீச்சும் முன்னால், சைக்கிள் பின்னால். முடிந்தால் ஒன்று காலை, ஒன்று மாலை.

பலம் இருக்கிறது, கால் உயரமாகப் போகவில்லை என்றால் அது வேறு. சைக்கிளில் இடுப்பு ஒருபோதும் முழுதாக நிமிர்வதில்லை, இடுப்பு மடிப்பின் முன்தசை இறுகிவிடும். கராத்தேக்காரர்களுக்கு மருந்து கையிலேயே இருக்கிறது. ஜென்குட்சு டாச்சியில் (முன்காலை மடக்கி நிற்கும் நீண்ட நிலை) நின்று, பின்காலை நன்றாக நீட்டி, அந்தப் பக்கப் புட்டத்தை இறுக்கி 30 விநாடி நில்லுங்கள். பக்கத்துக்கு மூன்று தடவை, சைக்கிளை விட்டு இறங்கிய உடனே.

அறிகுறி 6: நீந்தினால் நாடி ஏறவே மாட்டேன் என்கிறது

பெரும்பாலும் கோளாறு எதுவுமில்லை. தண்ணீரின் அழுத்தமும் குளிர்ச்சியும், படுத்த நிலையும் சேர்ந்து ஒரே உழைப்புக்கு நாடியைக் கரையைவிட ஏறக்குறைய 10 துடிப்பு குறைத்தே காட்டும். எட்ட வேண்டிய நாடியிலிருந்து அந்தப் பத்தைக் கழித்துக் கணக்குப் போடுங்கள். நீச்சல் புதிதாகக் கற்றவர்களுக்கு இதற்கு நேர்மாறு: ஒரு நீளம் போவதற்குள் இரைக்கும். அது உடல்திறன் குறைவல்ல, தலையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரோடு மல்லுக்கட்டுவது. நீச்சல் வசப்படும் வரை கார்டியோவுக்குச் சைக்கிளை வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 7: காலையில் முதல் அடி வைத்தால் குதிகால் குத்துகிறது

பாதத்தின் அடிச்சவ்வு. வெறுங்காலோடு சிமெண்டில் ஆடுகிறவர்களுக்கு வரும். சைக்கிளும் நீச்சலும் தாராளமாகச் செய்யலாம். மேட்டு நடையும் சாய்த்த டிரெட்மில்லும் குதிகாலை இழுப்பதால் சரியாகும் வரை வேண்டாம். குதிகாலுக்கு மேலே பின்பக்கத் தசைநாண் இறுகி வலிப்பவர்களுக்கும் இதுவே. சைக்கிளில் பெடலைப் பாதத்தின் நடுப்பக்கமாக வைத்து மிதித்தால் அந்த இழுப்பு இன்னும் குறையும்.

அறிகுறி 8: கீழ் இடுப்பு பிடிக்கிறது

குனிந்து ஓட்டுகிற சைக்கிளை விட்டு நிமிர்ந்து உட்காரும் சைக்கிளுக்கு மாறுங்கள். ஜிம்மில் ரோயிங் மெஷின் இருந்து அதில்தான் பிடித்தது என்றால் வரிசையைப் பாருங்கள்: முதலில் கால் தள்ள வேண்டும், பிறகு இடுப்பு சாய வேண்டும், கடைசியில்தான் கை இழுக்க வேண்டும். முதுகை வளைத்துக் கையால் தொடங்குவதால்தான் பிடிக்கிறது. தடுப்பு அளவை 3க்கும் 5க்கும் நடுவில் வையுங்கள். 10இல் வைத்தால் கடுமையான பயிற்சி ஆகிவிடும் என்பது தப்பான எண்ணம். தண்ணீரில் நடப்பது இடுப்புக்குப் பெரும்பாலும் பாதுகாப்பானது.

ஸ்கிப்பிங் செய்யலாமா?

குத்துச்சண்டைக்காரர்கள் செய்கிறார்களே என்று கேட்பார்கள். கால்வேகத்துக்கு அது அருமையான பயிற்சி. ஆனால் காலில் அதிர்வு ஏறாத வகையில் அதைச் சேர்க்க முடியாது. நிமிடத்துக்கு 120 என்றால் 5 நிமிடத்தில் 600 குதி. வலி எதுவும் இல்லாதவர்கள், மண்தரையில், ஷூ போட்டு, கயிறு நுழையும் உயரத்துக்கு மட்டும் எழும்பி, சூடேற்ற 3 நிமிடம் செய்யலாம். அதையே கார்டியோவாக அரை மணி நேரம் இழுக்க வேண்டாம்.

"பையனுக்குப் பதினொரு வயசு, அவனுக்கும் கார்டியோ வேணுமா மாஸ்டர்?"

இது பெற்றோர் கேட்பது. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் நன்றாக உடல் அசைய வேண்டும் என்கிறது. சிலம்ப வகுப்பு இருக்கிற நாளில் அதற்குள்ளேயே முடிந்துவிடும். இல்லாத நாளில் தெருவில் விளையாடட்டும், பள்ளிக்குச் சைக்கிளில் போகட்டும். தனியாக எழுப்பி ஓட வைக்காதீர்கள்.

10 முதல் 15 வயதுக்குள், முட்டிச்சிப்பிக்குக் கீழே எலும்பில் ஒரு புடைப்பு வந்து, தொட்டால் வலிக்கிறது, குதித்தால் வலிக்கிறது என்றால் அதற்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். வேகமாக வளர்கிற எலும்பின் நுனியைத் தொடைத்தசை இழுப்பதால் வருவது. மருத்துவரிடம் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். வளர்ச்சி முடியும்போது வலி பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். புடைப்பு மட்டும் சிலருக்கு நிலைக்கலாம், அதனால் கெடுதல் இல்லை. அதுவரை குதிக்கிற பாடத்தையும் மண்டியிட்டு வீசுவதையும் நிறுத்திவைத்து, நின்று வீசுகிற பாடத்தைக் கொடுப்பேன். சனி, ஞாயிறில் யாராவது பெரியவர் கூட இருந்து நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனால் போதும். சைக்கிளில் வருகிற பிள்ளை என்றால், வகுப்புக்கு வரும்போது அந்தச் சைக்கிளையும் என்னிடம் காட்டச் சொல்லுங்கள். அண்ணன் சைக்கிளாக இருந்தால் சீட்டை அவன் உயரத்துக்கு வைத்து அனுப்புகிறேன்.